விழுந்ததால் உடைந்ததா, உடைந்ததால் விழுந்தாரா?

நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். வீட்டில் அறுபது தாண்டியவர்கள் இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தியவனுக்கு மற்ற எதையும்விட அதிகம் உடைத்துப் பழக்கமான பொருள் சாக்பீஸ்தான். முழு சாக்பீஸில் எழுதினால் பலகையில் கிறீச்சிடும். அதனால் வகுப்புக்குள் நுழைந்ததும் பட்டென்று இரண்டாக ஒடித்துவிடுவோம். வளைத்து ஒடித்தால் முறிவு நேராக, வெட்டினாற்போல் இருக்கும். அதே சாக்பீஸை இரண்டு முனையிலும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கினால், திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டு சாய்வாக உடையும். நீங்களே செய்து பாருங்கள். சாக்பீஸ் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. முறுக்கும்போது இழுவை அதிகமாக இருப்பது 45 டிகிரி சாய்வில். அந்தச் சாய்வுக்குக் குறுக்கே பிளந்துகொள்ளும்.

எலும்பும் இப்படித்தான். கால் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு உடல் திரும்பினால் எலும்பு திருகலாக முறியும். வளைந்தால் குறுக்கே முறியும். எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது எங்கே உடைந்திருக்கிறது என்பதோடு, எந்த விசை உடைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் படிக்கிறார்.

இப்போது இதை எழுதக் காரணம் என் அக்கா. வயது 76, எடை 48 கிலோ. போன ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலை குளியலறை வாசலில் விழுந்தார். இடது தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. அறுவை சிகிச்சை செய்து உலோகத்தில் மூட்டு வைத்தார்கள். இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார்.

பார்க்க வந்த உறவினர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை மேஜையில் வைத்த கையோடு கேட்ட கேள்வி ஒன்றுதான். "விழுந்ததால எலும்பு உடைஞ்சுதா, எலும்பு உடைஞ்சதால விழுந்தாங்களா?"

கேட்கச் சாதாரணக் கேள்வி. ஆனால் அந்த வீட்டில் அது சாதாரணமாக இல்லை. விழுந்ததால் உடைந்தது என்றால் அடுத்த கேள்வி, "தரை ஈரமா இருந்துச்சா?" அதற்கடுத்த பார்வை, அடுக்களையில் காப்பி போட்டுக்கொண்டிருக்கும் அக்காவின் மருமகள் மேல். எலும்பு தானாக உடைந்தது என்றால் யார் மேலும் தப்பில்லை, வயசாகிவிட்டது, அவ்வளவுதான். இரண்டு வருடம் முன்பு எடுத்த எலும்பு அடர்த்தி ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.1 என்று இருந்தது. மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால்தான் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994-ல் கோடு போட்டது. அக்கா கோட்டுக்கு இந்தப் பக்கம். "எலும்பு அவ்வளவு மோசமில்லையே, அப்புறம் எப்படி உடையும்? வழுக்கித்தான் விழுந்திருக்கணும்" என்று ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். மாமியாரைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டிருந்த அந்தப் பெண் எதுவும் பேசவில்லை. முகம் மட்டும் சுருங்கிப்போனது.

பொங்கல் விடுமுறைக்கு என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். இயந்திரப் பொறியியல் படித்தவள். கணினியில் எலும்பு எப்படி முறிகிறது என்று கணக்கிடுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அக்காவின் கதையைச் சொல்லி இந்தக் கேள்வியையும் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை, திருப்பிக் கேட்டாள்.

"எந்தப் பக்கமா விழுந்தாங்க சார்? முன்னாடியா, பின்னாடியா, பக்கவாட்டிலயா?"

"அது எதுக்கும்மா?"

"அது தெரியாம கம்ப்யூட்டர் ஒண்ணுமே சொல்லாது சார். எலும்பு எவ்வளவு பலமா இருக்குன்னு தனியா ஒரு பதில் கிடையாது. எந்தத் திசையில விசை வருதோ, அந்தத் திசைக்குத்தான் பலம்."

அவள் சொல்லிக்கொடுத்ததை என் பாணியில் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பில் இலையின் பரப்பளவு காண்பது நினைவிருக்கிறதா? ஒழுங்கற்ற வடிவத்துக்குச் சூத்திரம் கிடையாது. வரைபடத்தாளில் இலையை வைத்து, ஓரம் வரைந்து, உள்ளே இருக்கும் சதுரங்களை எண்ணுவோம். கட்டம் சிறிதாக இருந்தால் விடை துல்லியமாகும். கணினி எலும்பைக் கையாள்வதும் இப்படித்தான். சி.டி. ஸ்கேனிலிருந்து எலும்பின் முப்பரிமாண வடிவத்தை எடுத்து, அதைப் பல்லாயிரம், சில சமயம் லட்சக்கணக்கான குட்டிக் கட்டிகளாகப் பிரிக்கிறார்கள். ஸ்கேனில் அந்த இடம் எவ்வளவு வெளுப்பாக இருக்கிறதோ அவ்வளவு தாதுச்சத்து. அதை வைத்து ஒவ்வொரு கட்டிக்கும் தனித்தனி விறைப்பு கொடுக்கிறார்கள். பிறகு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு மறுபக்கம் விசை கொடுத்தால், ஒவ்வொரு கட்டியும் பக்கத்துக் கட்டியை எவ்வளவு தள்ளுகிறது, இழுக்கிறது என்று லட்சக்கணக்கான சமன்பாடுகளை ஒரே நேரத்தில் தீர்க்கிறது கணினி. ஃபைனைட் எலிமெண்ட் முறை என்று பெயர். அந்தப் பெயரை 1960-ல் வைத்தவர் அமெரிக்காவின் ரே கிளஃப். விமானம், அணை, பாலத்துக்காக வளர்ந்த முறை. 1972-ல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இதைத் தொடை எலும்புக்குப் போட்டுப் பார்த்துக் கட்டுரை வெளியிட்டார்கள்.

பொறியாளர் எலும்பைப் பார்ப்பது அதற்கும் முந்தைய கதை. 1866-ல் சூரிச் நகரில் ஹெர்மன் மேயர் என்ற உடற்கூறியல் பேராசிரியர் தொடை எலும்பை நெடுக வெட்டி, உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற எலும்பின் நுண்கம்பிகளைக் காட்டினார். அதைப் பார்த்த கட்டுமானப் பொறியாளர் கார்ல் குல்மன், தான் வளைந்த பாரந்தூக்கி ஒன்றுக்குக் கணக்கிட்டு வரைந்த விசைக்கோடுகள் போலவே அவை ஓடுவதைக் கண்டார். பெர்லின் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-ல் இதைப் பெரிய புத்தகமாக எழுதினார். சாரம் இதுதான்: எந்த வழியில் தினமும் சுமை வருகிறதோ, அந்த வழியில் எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளும். சுமை வராத இடத்தில் வீணாகச் செலவு செய்யாது.

இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

சரி, கட்டிகள் தாங்குவதைக் கணக்கிடலாம். முறிவதை எப்படிக் கணக்கிடுவது?

ஜவுளிக்கடையில் துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முழுத் துணியை அப்படியே இழுத்தால் கிழியாது. ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு, பிறகு சர்ரென்று ஒரே இழுப்பு. அந்தச் சின்ன வெட்டின் நுனியில் எல்லா இழுவையும் வந்து குவிகிறது. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமான ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த கிரிஃபித் 1921-ல் கண்ணாடியை வைத்து இதை ஒரு வரவு செலவுக் கணக்காக எழுதினார். விரிசல் ஒரு படி முன்னேற வேண்டுமானால் புதிதாக இரண்டு பரப்புகள் உருவாக வேண்டும், அது செலவு. விரிசல் முன்னேறும்போது இழுபட்டு நிற்கும் பொருள் தளர்ந்து ஆற்றலைக் கொடுக்கும், அது வரவு. வரவு செலவைத் தொட்டுவிட்டால் விரிசல் ஓடும்.

அந்தக் கணக்கின் அருமை பலருக்கும் பிறகுதான் புரிந்தது. 1943 ஜனவரியில், அமெரிக்காவின் போர்ட்லேண்டில் ஷெனக்டடி என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல், புயல் இல்லை, அலை இல்லை, துறையில் நின்றபடியே இரண்டாகப் பிளந்தது. பற்றவைப்பில் இருந்த குறை, குளிரில் நொறுங்கும் எஃகு, விசை குவியும் மூலை எல்லாம் சேர்ந்து செய்த வேலை. நின்ற கப்பல் தானாக உடைந்ததா என்று அன்றைக்கும் கேட்டிருப்பார்கள்!

அடுத்தது நைவு. வேட்டி கிழிவதற்கு முன்னால் நைந்துபோகும் இல்லையா? கிழிசல் தெரியாது, ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். சோவியத் ஒன்றியத்தில் கச்சனோவ் 1958-ல் இந்த நைவுக்கு ஓர் எண் கொடுத்தார். இன்றைய வழக்கில் 0 என்றால் முழுசாக இருக்கிறது, 1 என்றால் போயே போய்விட்டது. கணினியில் ஒவ்வொரு கட்டிக்கும் இந்த எண்ணைக் கொடுத்து, விசை ஏற ஏற அதைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. இலைக்குக் கட்டத்தைச் சிறிதாக்கினால் விடை நிலைப்பட்டது அல்லவா? நைவுக் கணக்கில் அப்படி நடக்காது. நைவு முழுவதும் ஒரே ஒரு வரிசைக் கட்டிகளில் போய்க் குவியும். கட்டியைச் சிறிதாக்கினால் அந்த வரிசையும் மெலியும், உடைக்கத் தேவையான ஆற்றலும் குறையும். சிறிதாக்கிக்கொண்டே போனால், ஆற்றலே செலவழிக்காமல் எலும்பு உடைந்துவிடும் என்று கணினி சொல்லும்! விடை எலும்பைப் பொறுத்து இல்லாமல், நாம் போட்ட கட்டத்தைப் பொறுத்து மாறுகிறது.

"இதை யாரும் கவனிக்கலைன்னா?" என்று கேட்டேன்.

"படம் மட்டும் சிவப்பு, மஞ்சள், நீலம்னு அழகா வரும் சார். அதான் பயம்" என்றாள்.

இதற்கு வழி கண்டவர்களில் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் முக்கியமானவர்கள். ஃபிராங்ஃபோர்ட், மாரிகோ என்ற இருவரும் 1998-ல் கிரிஃபித்தின் பழைய வரவு செலவுக் கணக்கையே மறுபடி எடுத்தார்கள். மொத்த ஆற்றல் எந்த ஏற்பாட்டில் குறைவாக இருக்குமோ அந்த வழியில் விரிசல் போகட்டும் என்று எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் அதைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றினார்கள். விரிசலைக் கத்திக்கோடாக வைக்காமல், 0-விலிருந்து 1 வரை மாறும் ஒரு மெல்லிய பட்டையாக வைத்தார்கள். பட்டையின் அகலம் கணக்கிலேயே இருக்கும், கட்டத்தை நம்பி இருக்காது. அதற்குப் போதுமான அளவு கட்டம் சிறிதாக இருந்தால் போதும், விடை நிலைப்படும். விரிசல் எங்கே தொடங்கும், எங்கே திரும்பும், எங்கே இரண்டாகப் பிரியும் என்று முன்கூட்டிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கான்கிரீட், விமான உதிரிபாகம், எலும்பு எல்லாவற்றுக்கும் இன்று இதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் எலும்பு கான்கிரீட் இல்லை. கோழிக்கால் எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறவைத்தால் தாதுச்சத்து கரைந்து ரப்பர் போல் வளையும், வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன். அதே எலும்பை நெருப்பில் நன்றாகச் சுட்டால் புரதம் எரிந்துபோய், தொட்டால் நொறுங்கும். விறைப்பு தாதுவிலிருந்து, நெகிழ்வு புரதத்திலிருந்து. அதோடு, எலும்புக்குள் நெடுக ஓடும் நுண்குழாய் அமைப்புகளின் ஓரங்களில் விரிசல் முட்டி, திசை திரும்பி, களைத்துப்போகும். வயதாக ஆக இந்தக் குணங்களும் குறைகின்றன. அடர்த்தி ஸ்கேனில் இதெல்லாம் தெரியாது.

இன்னொன்று, எலும்பு தன்னைத் தானே பழுது பார்க்கும். நடக்கும்போதே நுண்ணிய விரிசல்கள் விழுகின்றன. ஒருவகைச் செல்கள் பழைய இடத்தைத் தோண்டும், இன்னொரு வகை புதிதாகக் கட்டும். நம் ஊர்ச் சாலை வேலை மாதிரி, வயதான பிறகு தோண்டுகிறவர்கள் நேரத்துக்கு வந்துவிடுவார்கள், போடுகிறவர்கள் தாமதிப்பார்கள். பழுது பார்ப்பதைவிட நைவு வேகமாகச் சேர்ந்தால் விழாமலே எலும்பு முறியும். 1855-லேயே பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹௌப்ட், நீண்ட அணிவகுப்புக்குப் பிறகு வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதிவைத்தார். அது எலும்பு முறிவு என்பது எக்ஸ்ரே வந்த பிறகுதான் தெரிந்தது.

ஆக, "உடைந்ததால் விழுந்தார்" என்பது உண்மையில் நடக்கக்கூடியதுதான். ஆனால் அது குறைவு. அப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரங்களாகவே தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ வலி இருந்திருக்கும். எலும்பில் பரவிய புற்றுநோய், எலும்புப்புரைக்குச் சில மருந்துகளைப் பல ஆண்டுகள் சாப்பிட்டது போன்ற காரணங்களும் இருக்கலாம். இடுப்பு முறிவுகளில் மிகப் பெரும்பாலானவை விழுந்ததால், அதுவும் பக்கவாட்டில் விழுந்ததால் வருபவை.

இப்போது வோல்ஃப் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது தொடை எலும்பின் கழுத்தில் கீழ்ப்பக்கம்தான் அதிகம் நசுக்கப்படுகிறது. அதனால் அங்கே எலும்பு தடிமனாக இருக்கிறது. மேல்பக்கத்துக்கு அவ்வளவு வேலை இல்லை. வயது ஏற ஏற அது மெலிந்துகொண்டே போகிறது. பக்கவாட்டில் விழுந்து இடுப்பின் வெளிப்புறம் தரையில் மோதும்போது எல்லாம் தலைகீழ். நசுங்குவது அந்த மெலிந்த மேல்பக்கம். மாணவி மடிக்கணினியில் காட்டினாள். நடக்கும் சுமையில் கீழ்ப்பக்கம் சிவந்தது. விழும் சுமையில் அதே எலும்பின் மேல்பக்கம் சிவந்து, அங்கிருந்து விரிசல் கிளம்பியது. நடப்பதற்காகவே எழுபது வருடம் தன்னைச் செதுக்கிக்கொண்ட எலும்பு அது. விழுவதற்கு அதற்குப் பயிற்சி இல்லை.

ஒரு சின்னக் கணக்கும் போட்டேன். 48 கிலோ, இடுப்பு உயரம் 0.7 மீட்டர், புவியீர்ப்பு 9.8. பெருக்கினால் சுமார் 330 ஜூல். ஆய்வகத்தில் தொடை எலும்பின் மேல்முனையை உடைக்கச் சில பத்து ஜூல் போதுமாக இருக்கிறது. மீதியைத் தசையும், சதையும், ஊன்றும் கையும், மடங்கும் முழங்காலும் வாங்கிக்கொண்டால் தப்பினோம். ஒல்லியான உடம்பு, தூக்கக் கலக்கம், கை ஊன்ற நேரமில்லை என்றால், டி-ஸ்கோர் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் உடையும். முறிவு ஏற்பட்டவர்களில் கணிசமானோர் அந்தக் கோட்டைத் தாண்டாதவர்கள்தான்.

மாணவியின் கேள்வியை அன்று மாலையே அக்காவிடம் போனில் கேட்டேன். "அக்கா, எப்படி விழுந்தே? எந்தப் பக்கம்?"

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு சொன்னார். "தரையெல்லாம் காஞ்சுதான்டா தம்பி இருந்துச்சு. லைட்டைப் போட்டா புள்ளைங்க முழிச்சுக்குமேன்னு இருட்டுலயே எழுந்து போனேன். திரும்பி வரும்போது வாசப்படில பொடவை கால்ல சிக்கிடுச்சு. அப்படியே எடது பக்கமா சாஞ்சுட்டேன்."

"முன்னாடி தொடை வலி ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. முந்தின நாள்கூட கோயிலுக்கு நடந்துதானே போயிட்டு வந்தேன்."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலே?"

"என்கிட்ட யாருடா கேட்டா?"

மூன்று மாதமாக ஒரு வீடே விவாதித்த விஷயம். டி-ஸ்கோரைக் கேட்டார்கள், தரையைக் கேட்டார்கள், சம்பளத்துக்கு வரும் அம்மாவைக்கூடக் கேட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய், எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது அக்காவையே அதை மறுபடி சொல்லச் சொன்னேன். அக்கா சொல்லி முடித்ததும், மருமகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "அத்தை, இனிமே லைட்டைப் போடுங்க. பசங்க முழிச்சா முழிச்சுட்டுப் போகட்டும்" என்றாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வேறு யாரும் எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மாணவி சொன்ன இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கணினி சொல்வது சரியா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். இறந்த பிறகு உடல்தானம் செய்தவர்களின் தொடை எலும்பை முதலில் ஸ்கேன் எடுத்து, எத்தனை நியூட்டனில் எங்கே உடையும் என்று கணினியில் கணக்கிட்டு எழுதிவைத்துவிடுவார்களாம். அப்புறம்தான் அந்த எலும்பை இயந்திரத்தில் வைத்து நிஜமாக உடைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். "ஒரு தடவை உடைச்சா உடைச்சதுதான் சார், மறுபடி சோதிக்க முடியாது. ஒவ்வொரு எலும்பும் ஒருத்தர் கொடுத்துட்டுப் போனது. அதனால கணக்குல சோம்பேறித்தனம் பண்ணக் கூடாதுன்னு எங்க கைடு சொல்வார்." இதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. எந்தப் பாடத்தை நடத்தினோம் என்பதைவிட, இந்த மாதிரி ஒரு பிள்ளை நம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள் என்பதே போதும்.

இந்த முறையில் ஒருவரின் சி.டி. ஸ்கேனிலிருந்தே எலும்பின் பலத்தைக் கணக்கிட்டுச் சொல்வது அமெரிக்காவில் மருத்துவப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்றுவிட்டது. நம் ஊரில் எல்லாருக்கும் எட்டுவதற்குள், நாம் செய்யக்கூடியவை இருக்கின்றன.

இரவில் படுக்கையிலிருந்து குளியலறை வரை ஒரு சின்ன விளக்கு எரியட்டும். குளியலறையிலும் கழிப்பறையிலும் சுவரில் கைப்பிடி பதியுங்கள். வாசற்படியின் விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் பட்டை ஒட்டுங்கள். வழுக்கும் கால்மிதியைத் தூக்கிப் போடுங்கள். கண் கண்ணாடியைச் சரிபாருங்கள். தலைசுற்ற வைக்கும் மாத்திரை ஏதும் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைத் தினமும் செய்யச் சொல்லுங்கள். எலும்பு அடர்த்தி ஸ்கேனும் தேவைதான், ஆனால் அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். விழாமலே தொடையில் வாரக்கணக்கில் வலி என்று பெரியவர்கள் சொன்னால், "வயசானா அப்படித்தான்" என்று தள்ளிவிடாமல் எக்ஸ்ரே எடுங்கள்.

யாராவது விழுந்துவிட்டால், சுற்றி நிற்பவர்களை விசாரிப்பதற்கு முன்னால் விழுந்தவரிடம் கேளுங்கள். எப்படி விழுந்தீர்கள், எந்தப் பக்கம் விழுந்தீர்கள், ஏன் விளக்குப் போடவில்லை என்று. மருத்துவருக்கும் அது உதவும், வீட்டுக்கும் உதவும்.

என்னிடம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே அம்மாவுக்கோ பாட்டிக்கோ ஒரு போன் போட்டு, குளியலறையில் கைப்பிடி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதுதான் வீட்டுப்பாடம்.